ரசத்தில் கலந்த பொடி

ஆனந்தராஜ் குடிகாரன் என்று முடிவு கட்ட ஊருக்கு ஒரு நாள்கூட ஆகவில்லை. நடந்தால் தள்ளாடினான், பேசினால் நாக்கு குழறியது, வேறென்ன வேண்டும்? அவன் அப்பன் வெங்கடப்பனும் சொந்த ஊரான தளியில் அப்படித்தான் தள்ளாடித் தள்ளாடிக் கடைசியில் கிணற்றில் விழுந்து செத்தான். குடிகார வம்சம் என்று பேர் வந்துவிட்டது. பேர் வைக்க மட்டும் நம் ஆட்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஓசூரில் அவன் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டிய கம்பெனியில் வாசலிலேயே நிறுத்தி ஊதச் சொன்னார்கள். மெஷின் பூஜ்யம் காட்டியது. மெஷின் ரிப்பேர் என்றார் சூப்பர்வைசர் குருமூர்த்தி. அன்றோடு வேலை போயிற்று.

ஊரை விடுங்கள், கட்டிய மனைவி மாதேஸ்வரியே நம்பவில்லை.

"நான் குடிக்கலடி. உன் தலைமேல சத்தியமா குடிக்கல" என்று அழுதான்.

"உங்கப்பனும் இதையேதான் சொன்னாரு" என்றாள்.

தேன்கனிக்கோட்டைச் சந்தையில் குடியை மறக்கடிக்கும் பொடி விற்றார்கள். புருஷனுக்குத் தெரியாமல் கொடுத்தால்தான் பலிக்கும் என்றான் விற்றவன். இரண்டு வருஷம், தினமும் ஒரு சிட்டிகை ரசத்தில் கலந்தாள். வாந்தி எடுத்தான், மருந்து வேலை செய்கிறது என்று சந்தோஷப்பட்டாள். நடை இன்னும் மோசமானது. திருட்டுத்தனமாகக் குடிக்கிறான் என்று இரண்டு சிட்டிகையாக்கினாள்.

படுத்த படுக்கையான பிறகுதான் பெங்களூர் ஆஸ்பத்திரியில் உண்மை தெரிந்தது. சிறுமூளை கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கி நடையும் பேச்சும் தடுமாறும் நோய், அப்பன் வழியாக வந்தது, மருந்து கிடையாது என்றார்கள். ஆராய்ச்சிக்கென்று அவனிடம் கொஞ்சம் ரத்தம் வாங்கிக்கொண்டார்கள். போன வருஷம் ஆடியில் போய்ச்சேர்ந்தான். பிள்ளை குட்டி இல்லை. நோய் அவனோடு ஒழிந்தது என்று சொந்தக்காரர்கள் ஆறுதல் சொன்னார்கள். நல்ல ஆறுதல்!

இந்த மாதம் அந்த ஆஸ்பத்திரியின் ஆராய்ச்சிக்கூடத்தில் நோயாளிகளின் குடும்பங்களைக் கூப்பிட்டிருந்தார்கள். மாதேஸ்வரி போனாள். அங்கே வேலை செய்யும் ஸ்வாதி அவளை மைக்ராஸ்கோப்பில் பார்க்கச் சொன்னாள்.

"உங்க வீட்டுக்காரர் ரத்தத்துல இருந்து ஸ்டெம் செல் செஞ்சு, அதை நரம்பு செல்லா வளர்த்திருக்கோம்மா. அவர் மூளையில எது கெட்டுச்சோ அது இதுலயும் கெடும். புது மருந்தை மனுஷங்களுக்குக் குடுக்கறதுக்கு முன்னாடி இதுமேல விட்டுப் பார்ப்போம்."

செல்கள் வெங்காய வேர்போல மெல்லிய இழைகள் விட்டிருந்தன. உயிரோடு இருந்தன. ஒரு வருஷமாக மாதேஸ்வரியைத் தூங்கவிடாத கேள்வி ஒன்றுதான்: அவனை நோய் கொன்றதா, தான் கொன்றோமா? பைக்குள்ளிருந்து மிச்சமிருந்த பொடிப் பொட்டலத்தை எடுத்து நீட்டினாள். ரசத்தில் கலந்த கதையையும் மறைக்காமல் சொன்னாள்.

"இத அதுமேல போட்டுப் பாருங்கம்மா. கெடுதா இல்லியான்னு எனக்குத் தெரிஞ்சாவணும்."

ஸ்வாதி பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்தாள். "இதுல என்னம்மா சேர்த்திருக்காங்க?"

"தெரியல."

"என்ன இருக்குன்னே தெரியாததை எப்படிம்மா போடறது? மாசக்கணக்கா பாத்துப் பாத்து வளர்த்தது. செத்துப்போயிடும்."

மாதேஸ்வரி பொட்டலத்தை வாங்கி மடித்தாள்.

"அவருக்குப் போட்டனே" என்றாள்.