போலீஸ் அக்காவின் கேரட்

எண்டோஸ்கோபி அறை வாசலில் பதினெட்டு வருடமாக உட்கார்ந்திருக்கும் உதவியாளருக்கு நோயாளிகள் வைத்த பெயர் போலீஸ் அக்கா. வெறும் வயிற்றோடு வந்தவர்களைத்தான் உள்ளே விடுவார். "சத்தியமா சாப்பிடலக்கா" என்பவர்களின் விரல்களை நீட்டச் சொல்லி மோந்து பார்ப்பார். அவர் தீர்ப்புக்கு அப்பீல் கிடையாது.

லாரி டிரைவர் ஒருவரின் விரலில் சோப்பு வாசனைதான் வந்தது. ஆனால் இருமியபோது ஒரு சோற்றுப் பருக்கை வெளியே விழுந்தது. இரண்டு முறை வந்தார், இரண்டு முறையும் பருக்கை காட்டிக்கொடுத்தது. அக்கா திருப்பி அனுப்பிவிட்டார்.

பிறகு அக்காவுக்கே விழுங்கியதெல்லாம் நெஞ்சில் நிற்க ஆரம்பித்தது. பட்டினியோடு அதே அறை மேசையில் போய்ப் படுத்தார். குழாய் உள்ளே இறங்கியதும் திரையில் கேரட் துண்டுகள் மிதந்தன.

குழாயை எடுத்ததும் முதல் வேலையாக, "சத்தியமா சாப்பிடல டாக்டர்" என்றார். அவர் காதுக்கே அது பொய்யாகத்தான் கேட்டது.

"தெரியும்மா. உணவுக்குழாயோட அடித்தசை இறுகிப்போச்சு. சாப்பாடு இறங்காம அங்கேயே நிக்குது. கேரட் நேத்து சாப்பிட்டதா?"

"முந்தாநாள்."

அடுத்த வாரம் வாய் வழியாகவே குழாயை விட்டு, உள்ளிருந்தே அந்தத் தசையை வெட்டிவிட்டார்கள். வெளியே ஒரு தையல்கூட இல்லை.

வேலைக்குத் திரும்பியதும் அக்கா பழைய நோட்டைப் புரட்டி டிரைவருக்கு போன் போட்டு வரச்சொன்னார். வந்தவர் பத்து விரலையும் நீட்டினார்.

"கையைக் கீழ போடுங்கண்ணே," என்றார் அக்கா. "நானும் அதே கேஸ்தான்."