செவப்பு லைட்டுக்கு வச்ச பொட்டு

எங்க வீட்டுக் கார்ல மீட்டருக்குக் கீழ ரெண்டு குட்டி லைட்டு இருந்துச்சு. ஒண்ணு பேட்டரிக்கு, இன்னொண்ணு ஆயிலுக்கு. சாவியத் திருப்புனா ரெண்டும் செவப்பா எரியும், இஞ்சின் ஸ்டார்ட் ஆனதும் அணைஞ்சிரணும். அணையலன்னா உள்ள ஏதோ கோளாறு. இம்புட்டுதான் விசயம். எட்டாப்பு படிச்ச எங்க டிரைவருக்கு இது தெரியும். பி.எஸ்சி. பிசிக்ஸ் ரெண்டாவது வருசம் படிச்ச எனக்கு இதுக்கு மேலயும் தெரியும்னு நெனப்பு.

அப்பாவுக்கு அரிசி மில்லு. காரு மூணு கை மாறி எங்ககிட்ட வந்தது. கதவ ரெண்டு தடவ ஓங்கி அடிச்சாத்தான் மூடும். ஆனா அந்த டிரைவரு கையில அது சொன்ன பேச்சு கேக்கும். அவரு பரவைப் பக்கம். அவுக அப்பாவும் தாத்தாவும் அடுத்தவுக வயல்ல கூலிக்கு அறுத்தவுக, அதுல எங்க வயலும் உண்டு. இவரு மொதல்ல மூட்ட தூக்கி, அப்புறம் லாரில கிளீனரா ஏறி, அடி வாங்கி, வண்டி ஓட்டப் பழகி, அவுக சொந்தத்துலயே மொதல்ல லைசென்ஸ் எடுத்த ஆளு. காக்கிச் சட்டைய டெய்லி தொவச்சு இஸ்திரி போட்டுத்தான் வருவாரு. "இந்த வேல போச்சுன்னா திரும்ப மூட்டைதான் தம்பி"ன்னு அடிக்கடி சொல்லுவாரு. சும்மா சொல்லல. அப்ப ஊர்ல கார் வச்சிருந்தவுக எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும். பழைய மொதலாளிட்ட ஒரு வார்த்த கேக்காம எவனும் டிரைவர வேலைக்கு வைக்க மாட்டான்.

நான் அவர அண்ணேன்னுதான் கூப்புடுவேன். கூட்டாளிங்க இருந்தா மட்டும் சாவியக் கையில குடுக்காம தூக்கி எறிவேன். பெல்பாட்டம் போட்ட வயசு, அம்புட்டுத் திமிரு.

ஆயுத பூசைக்கு அம்மா வண்டி பூராம் சந்தனம் குங்குமம் வச்சிரும். ஸ்டீரிங், கண்ணாடி, மீட்டரு, அந்த ரெண்டு லைட்டு, எதையும் விடாது. கெட்டிச் சந்தனம், காஞ்சா ஓடு மாதிரி ஒட்டிக்கும். பூசை முடிஞ்சு மொத தடவ வண்டி எடுக்கும்போது டிரைவரு என்ன செய்வாருன்னா, அந்த ரெண்டு லைட்டு மேல இருக்குற பொட்ட மட்டும் கட்டவெரலால அழிச்சிருவாரு. மத்ததத் தொட மாட்டாரு.

"சாமிக்கு வச்சத எதுக்குப்பா அழிக்கிற?"ன்னு அம்மா ஒரு தடவ கேட்டுச்சு.

"மத்ததெல்லாம் இருக்கட்டும்மா. இது ரெண்டும் வண்டி நம்மளக் கூப்புடுற எடம். மூடக் கூடாது."

அம்மா உள்ள வந்துதான் சொல்லுச்சு. "யாரு கையி எங்க படுதுன்னு ஒரு இது வேணாம்?"

அந்த வருசம் பூசை முடிஞ்சு பொரி பழம் வாங்கிட்டு அவரு ஒரு நாள் லீவுல ஊருக்குப் போயிட்டாரு. மறுநா மத்தியானம் அப்பா சாப்ட்டுத் தூங்குனாரு. காலண்டர் ஆணியில மாட்டுன சாவிய எடுத்தேன். கூட்டாளிங்க நாலு பேர ஏத்திக்கிட்டு நேரா நாகமலை புதுக்கோட்டை. மலையடிவாரத்துல உக்காந்து சிகரெட் குடிக்கணும், அதான் திட்டம். ரோட்ட விட்டு மண்பாதையில எறக்கி கொஞ்ச தூரத்துல அடியில டொங்குன்னு ஒரு சத்தம்.

"மாப்ள, கல்லுடா. எதோ பட்டிருச்சு."

"மண்ணுக்கட்டிடா வெண்ண. வாய மூடிட்டு வா"ன்னேன்.

திரும்பி வாரப்ப இஞ்சின்ல டக்கு டக்குன்னு லேசாச் சத்தம். பின்னாடி இருந்தவய்ங்க அதுக்குத் தாளம் போட்டாய்ங்க. நான் மீட்டரப் பாத்தேன். லைட்டு எதுவும் எரியல. எரிஞ்சாலும் எனக்கு எங்க தெரியும், மேலதான் சந்தனம் அப்பியிருக்கே. எடுத்த எடத்துலயே வண்டிய விட்டுட்டு சாவிய ஆணியில மாட்டிட்டேன்.

அடுத்த நா காலையில அக்கா பிள்ளைக்கு அழகர்கோவில்ல மொட்ட. தாய்மாமன் மடி என் மடி. பட்டு வேட்டி கட்டிட்டு நிக்கிறேன், டிரைவரு வந்தாரு. வழக்கம்போல ரெண்டு பொட்டையும் அழிச்சாரு. ஸ்டார்ட் பண்ணுனாரு. பேட்டரி லைட்டு அணைஞ்சுச்சு, ஆயில் லைட்டு அணையல. ஒடனே இஞ்சின நிப்பாட்டிட்டு எறங்கி டயரப் பாத்தாரு. குனிஞ்சு அடியப் பாத்தாரு. அப்புறம் குழாயடியில நின்ன என்கிட்ட வந்தாரு.

"தம்பி, நேத்து வண்டி எடுத்தீகளா?"

"நானா? இல்லயே."

"டயர்ல செம்மண்ணு ஒட்டியிருக்கு, அடியில கல்லு ஒரசுன தடம். நான் விட்டுட்டுப் போனப்ப மில்லு ரோட்டுக் கருப்பு மண்ணு."

"அதுக்கு?"

"மொதலாளிட்ட நான் வாயத் தெறக்க மாட்டேன். எங்க இடிச்சதுன்னு மட்டும் சொல்லுங்க, எனக்குப் பாதி வேல மிச்சம்."

சொல்லியிருக்கலாம். அம்மா பக்கத்துலதான் பூ கட்டிட்டு இருந்துச்சு. அதுக்குக் கேக்குற மாதிரி சத்தமாச் சொன்னேன். "பொட்ட அழிச்சீங்கள்ல, அதான் சாமி லைட்டப் போட்டுக் காட்டுது."

சாமியே இல்லன்னு காலேஜ் மேடையில பேசிக் கைதட்டு வாங்குன பயதான் நான். அம்மா பூவ நிறுத்திட்டு அவர ஒரு பார்வ பாத்துச்சு.

அப்பா வெளிய வந்தாரு. "கெளம்புய்யா, நல்ல நேரம் போகுதுல்ல."

"ஆயில் லைட்டு அணைய மாட்டேங்குது மொதலாளி. இப்ப எடுத்தா இஞ்சின் போயிரும்."

அப்பா என்னையப் பாத்தாரு. "நீ இதத்தானடா படிக்கிற. என்னன்னு பாரு."

வேட்டிய மடிச்சுக் கட்டிட்டு பானெட்டத் தெறந்தேன். ஆயில் பாக்குற குச்சிய உருவித் தொடச்சு விட்டு எடுத்தேன். மேல் கோடு வரைக்கும் நிக்கிது. "ஆயில் ஃபுல்லுப்பா. லைட்டு பொய் சொல்லுது."

"கீழ நிக்கிறது சரி தம்பி. மேல ஏறுதான்னுல்ல பாக்கணும்"னாரு டிரைவரு. "லைட்டுக்கு வயரு போற ஆயில் சுவிட்சக் கழட்டிட்டு இஞ்சினச் சுத்துனா ஓட்ட வழியா ஆயில் பீச்சி அடிக்கணும். அடிச்சா சுவிட்சு கோளாறு. அடிக்கலன்னா வண்டி நகரக் கூடாது. அர மணி நேரம் குடுங்க."

எனக்கு அர மணி நேரம் எதுக்கு. சுவிட்ச்ல மாட்டியிருந்த வயரப் புடுங்குனேன். "இப்ப ஸ்டார்ட் பண்ணுங்க"ன்னேன். பண்ணுனாரு. லைட்டு எரியல. "பாத்தீங்களாப்பா, முடிஞ்சுச்சு."

"வயரப் புடுங்குனா அணையத்தான் செய்யும் தம்பி. அழுற பிள்ளைக்கு வாயப் பொத்துன கதையால்ல இருக்கு."

"அண்ணே, நான் பி.எஸ்சி. நீங்க எட்டாப்பு. அதுலயும் பாஸா, ஃபெயிலா?"

அக்கா புருசன், மச்சான்தான் மொதல்ல சிரிச்சாரு. அப்புறம் எல்லாரும் சிரிச்சாக. டிரைவரும் லேசாச் சிரிச்சாரு. வேலைக்கு இருக்குறவன் வேற என்ன பண்ணுவான்.

அப்பா சிரிக்கல. "ஓட்டுறியா, சாவியக் குடுக்குறியா?"

ஓட்டுனாரு. புதூர் தாண்டவும் டக்கு டக்கு பெருசாச்சு. மாட்டுவண்டி வேகத்துல உருட்டுனாரு. பின் சீட்ல பிள்ளைய மடியில வச்சிக்கிட்டு நான் வாய் ஓயல. "என்னண்ணே, பிள்ளைக்கு மொட்ட போட்டு முடி வளந்ததும் போய்ச் சேந்துரலாமா?" அவரு சட்டக் காலரு வேர்வையில நனைஞ்சிருச்சு. கடச்சனேந்தல் தாண்டி இஞ்சினுக்குள்ள ரெண்டு வெடி. பானெட்டச் சுத்திப் பொக. ரோட்டுல கருப்பா எண்ணெ. பிள்ள வீல்னு அழுதுச்சு. டவுன் பஸ் புடிச்சுப் போய் மொட்ட போட்டோம். என் மடியிலதான்.

ரெண்டு நா கழிச்சு மெக்கானிக் பாய், இஞ்சின் அடியில ஆயில் நிக்கிற தொட்டியக் கழட்டி, சாக்குல சுத்தி வீட்டு வாசலுக்கே கொண்டு வந்துட்டாரு. தொட்டியோட அடி உள்ளுக்க அமுங்கிக் கெடந்துச்சு.

"கல்லு குத்தியிருக்கு. ஆயில உறியிற கொழா வாய இது அடச்சிருச்சு. உள்ள ஆயில் நெறைய இருக்கு, ஒரு சொட்டு மேல ஏறல. லைட்டு கரெக்டாத்தான் எரிஞ்சிருக்கு. அந்த வயரக் கழட்டுன புண்ணியவான் யாரு?"

அப்பா அதக் காதுலயே வாங்கல.

அப்பா டிரைவரப் பாத்தாரு. "எங்கய்யா இடிச்ச?"

"நான் இடிக்கல மொதலாளி." ஒரு நிமிசம் என்னையே பாத்தாரு. "தம்பியக் கேளுங்க."

இவ்ளோதான் சொன்னாரு. நாகமலைன்னு வாய் வரைக்கும் வந்துச்சு எனக்கு. அப்பா கையப் பாத்தேன். முழுங்கிட்டேன்.

"என்னண்ணே இது, நீங்க இடிச்சிட்டு என்னைய மாட்டி விடுறீங்க? அன்னைக்கே பொட்ட அழிச்சப்ப அம்மா மொகத்தப் பாத்தீங்கள்ல."

அம்மாவுக்கு அது போதும். "நான்தான் கண்ணால பாத்தேனே. சாமிக்கு வச்ச பொட்ட வழிச்சு எறிஞ்சாப்ல. அன்னைக்கே வண்டி நடுரோட்டுல நின்னுச்சு. பிள்ளைக்கு ஒண்ணும் ஆகல, அம்புட்டுதான்."

"பொட்டு இருந்திருந்தா லைட்டே தெரிஞ்சிருக்காதேம்மா"ன்னாரு பாய்.

"நீ ஒன் வேலையப் பாரு பாய்"னு அப்பா சொல்லிட்டாரு.

டிரைவரு சாவிய எடுத்து அப்பா கையில குடுக்கல. அந்த அமுங்குன தொட்டிக்குள்ள போட்டாரு. க்ளிங்னு சத்தம். போறேன்னு கூடச் சொல்லாமப் போயிட்டாரு.

அதுக்கப்புறம் மூணு பேரு அப்பாட்ட அவரப் பத்தி விசாரிச்சாக. "வண்டிய முடிச்சுட்டு எம் பையன் மேல பழியப் போட்டவன்"னு மூணு பேருட்டயும் அப்பா சொன்னாரு. ஒரு தடவ நான் பக்கத்துல உக்காந்து மிக்சர் தின்னுட்டு இருந்தேன்.

அடுத்த வருசம் பூசை முடிஞ்ச வாரம், வேற காரு, வேற டிரைவரு. பரவை மார்க்கெட் ஓரமா நிப்பாட்டியிருந்தோம். தலையில சாக்கு மடிச்சுப் போட்டுக்கிட்டு வெங்காய மூட்ட எறக்கிட்டு இருந்த ஆளு என்னையப் பாத்துட்டு ஜன்னல் கிட்ட வந்தாரு.

"நல்லா இருக்கீகளா தம்பி?"

நான் தலைய மட்டும் ஆட்டுனேன். அவரு கண்ணு என் மேல இல்ல. மீட்டருக்குக் கீழ, காஞ்ச சந்தனம் அப்பியிருந்த எடத்துல இருந்துச்சு. கை ஜன்னல் வழியா உள்ள வந்துச்சு, கட்டவெரல நீட்டிக்கிட்டு. நெகத்துல வெங்காயச் சருகு ஒட்டியிருந்துச்சு. பாதியில நின்னுச்சு. திரும்ப வெளிய போயிருச்சு.

புது டிரைவருட்டதான் சொன்னாரு. "லைட்டு தெரியல பாருங்க."

நான் கண்ணாடிய ஏத்திட்டு வண்டிய எடுக்கச் சொன்னேன். மார்க்கெட் தாண்டவும் டிரைவரு கேட்டாரு, "யாரு தம்பி அது?"

"மூட்ட தூக்குற ஆளு"ன்னேன்.