அறுபத்திரண்டு சென்டிமீட்டர்

அலுவலகத்தில் எல்லோருக்கும் அவள் ஸ்கேலக்கா. கட்டட வரைபடம் போடும் வேலையில் இருபத்தாறு வருடம். காகிதமும் பென்சிலும் போய்க் கணினி வந்த பிறகும், அந்த முப்பது சென்டிமீட்டர் ஸ்டீல் ஸ்கேல் மட்டும் அவள் கைப்பையை விட்டு வெளியேறவில்லை. புது நாற்காலி வந்தால் உட்காருவதற்கு முன் அளந்து பார்ப்பாள். அப்பேர்ப்பட்டவள் ஒரு லேப்டாப்பைத் தேர்ந்தெடுக்கத் தெரியாமல் நாலு நாள் திருதிருவென்று விழித்தாள் என்றால் யாராவது நம்புவார்களா?

திங்கட்கிழமை காலை இன்ஜினியர் கூப்பிட்டார். அலுவலகம் அவருடையது, பேச்சு வெட்டு ஒன்று துண்டு இரண்டுதான்.

"ஏம்மா, ஆஸ்பத்திரி மாடல்ல ஒரு மாடிக்கு ஒரு நாள் போதும். உங்களுக்கு மூணு நாள் ஆகுது. அந்தப் பழைய மெஷின்தான் இழுக்குதுன்னு நினைக்கிறேன். வெள்ளிக்கிழமை நாலு மணிக்குள்ள உங்களுக்குத் தோதான லேப்டாப்ப நீங்களே பாத்துச் சொல்லுங்க. புதுசு வந்தும் இதே கதைன்னா, வேலைய வெளிய குடுக்கறதத் தவிர எனக்கு வழி இல்ல."

எட்டு மாடி ஆஸ்பத்திரி. கணினிக்குள் அடித்தளத்திலிருந்து அவள் கையால் வளர்ந்த முப்பரிமாண மாடல். அதை வேறொருவர் தொடுவதா?

லேப்டாப் விற்கும் இணையப் பக்கத்தைத் திறந்தாள். பிராசஸர் ஆறு வகை, ரேம் நாலு, கிராபிக்ஸ் கார்டு ஐந்து, திரை நாலு. சரி, ஒவ்வொன்றாகப் பார்ப்போம் என்றால் அதற்கும் வழியில்லை. ஒன்றைத் தொட்டால் இன்னொன்று கோபித்துக்கொண்டது. பெரிய கார்டைத் தொட்டாள். சின்ன சார்ஜர் காணாமல் போய்ச் செங்கல் அளவு ஒன்று வந்து உட்கார்ந்தது. நல்ல திரையைத் தொட்டாள். பத்து நாளில் வரும் என்றிருந்தது ஆறு வாரம் என்று மாறியது.

கட்டட வேலைக்காரர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. கணக்கில் பன்னிரண்டு மில்லிமீட்டர் கம்பி வந்தால், எதற்கும் இருக்கட்டும் என்று படத்தில் பதினாறு போடுவார்கள். அவளும் எதற்கும் இருக்கட்டும் என்று எல்லாவற்றிலும் ஒரு படி மேலேயே போட்டாள். கடைசியில் பார்த்தால் எடை மூன்றரைக் கிலோ, வந்து சேர ஒன்பது வாரம். ஆஸ்பத்திரி மாடலை ஒப்படைக்க இருப்பதோ ஏழு வாரம்.

கொழுந்தனைக் கேட்டாள். அவன் வீடியோ வெட்டி ஒட்டுகிறவன்.

"அண்ணி, கிராபிக்ஸ் கார்டுதான் உயிர். மத்ததெல்லாம் சும்மா."

மாடல் போடும் மென்பொருள் கம்பெனிக்கு போன் செய்தாள். அங்கிருந்த பெண் சொன்னாள். "கார்டு அவ்வளவு முக்கியம் இல்லைங்க. பிராசஸர்ல ஒரு கோர் எவ்ளோ வேகம்னு பாருங்க."

வீட்டுக்காரர் லிஃப்ட் பழுது பார்க்கிறவர். சாப்பாட்டுத் தட்டிலிருந்து தலை தூக்காமல் கேட்டார்.

"லிஃப்ட் லேட்டாகுதுன்னு சொல்லுவாங்க. போய்ப் பாத்தா மோட்டார் நல்லாத்தான் இருக்கும், எவனாவது கதவப் பிடிச்சிட்டு நிப்பான். உன் மெஷின் எங்க நிக்குதுன்னு பாத்தியா?"

இந்த மனுஷனுக்கு எல்லாமே லிஃப்ட்தான் என்று சலித்துக்கொண்டாள். ஆனாலும் வியாழக்கிழமை சமையலறை டைமரை எடுத்துப் போய் மேசையில் வைத்தாள். ஒரு தாளில் இரண்டு பத்தி: மெஷினுக்காக நான் காத்திருந்த நேரம், எனக்காக மெஷின் காத்திருந்த நேரம்.

மாலையில் கூட்டிப் பார்த்தாள். மெஷினுக்காக அவள் காத்திருந்தது முப்பத்தெட்டு நிமிடம். அவளுக்காக மெஷின் காத்திருந்தது இரண்டு மணி பத்து நிமிடம்.

கூட்டலில் பிசகு என்று மறுபடி கூட்டினாள். பிசகு இல்லை. மூன்றா எட்டா என்று தெரியாமல் பெரிதாக்கியது, பக்கத்துக் கோட்டைப் பிடித்துவிட்டு அழித்தது, திரையை முகர்ந்து பார்ப்பது போலக் குனிந்தது எல்லாம் அவள் கையெழுத்திலேயே இருந்தது. ஸ்கேலை எடுத்தாள். நிமிர்ந்து உட்கார்ந்தால் கண்ணுக்கும் திரைக்கும் அறுபத்திரண்டு சென்டிமீட்டர். எண்ணைப் படிக்க வேண்டுமானால் இருபத்தெட்டு.

அவளுக்குத் தெரியாத சங்கதி இல்லை. இரண்டு கண்ணிலும் புரை விழுகிறது என்று கண் டாக்டர் சொல்லி ஒன்றரை வருடம் ஆகிறது. வீட்டில்கூட மூச்சு விடவில்லை. மெஷின் பழசு என்று இன்ஜினியர் சொன்னபோது, பிழைத்தோம் என்று நினைத்ததும் அவள்தான். இப்போது வெட்கமாகவும் பயமாகவும் இருந்தது.

வெள்ளிக்கிழமை மூன்றரை மணிக்கு அந்தத் தாளை இன்ஜினியர் முன் வைத்தாள். அவர் இரண்டு முறை படித்தார்.

"ஏன் முன்னாடியே சொல்லல?"

"சொன்னா மெஷினோட சேத்து என்னையும் மாத்திடுவீங்கன்னு பயம் சார்."

அவர் தாளை மடித்து வைத்தார். "மேல் மூணு மாடிய வெளிய குடுக்கறேன். மத்த அஞ்சும் உங்களோடது. மொதல்ல கண்ணப் பாத்துட்டு வாங்க."

"இன்னிக்கு நாலு மணிக்குள்ள லேப்டாப்பச் சொல்லணுமே..."

"அந்த நாலு மணி நான் வச்சதுதாம்மா, நானே தள்ளி வச்சுக்கறேன்."

மூன்று மாடி கை விட்டுப் போனது வலித்தது. ஐந்து மிஞ்சியதே என்றும் இருந்தது. எதை நினைப்பது என்று தெரியாமலே மறுநாள் கண் ஆஸ்பத்திரிக்குப் போனாள், வீட்டுக்காரரோடு.

சோதனை முடிந்ததும் ஒரு செவிலியர் அச்சடித்த தாளை நீட்டினார். கண்ணுக்குள் வைக்கும் லென்ஸ் வகைகள். தூரத்துக்கு ஒன்று, கிட்டத்துக்கு ஒன்று, நடுத் தூரத்துக்கு ஒன்று, எல்லாம் கலந்து ஒன்று. ஒன்றை எடுத்தால் இரவில் விளக்கைச் சுற்றி வளையம் தெரியலாம். இன்னொன்றை எடுத்தால் படிக்கத் தனிக் கண்ணாடி வேண்டும். அவளுக்குத் தலை சுற்றியது. மறுபடியும் முதலிலிருந்தா?

"எது நல்லதுன்னு நீங்களே சொல்லிடுங்கம்மா" என்றாள் பாவமாக.

செவிலியர் பேனாவைத் திறந்தார். "அது இருக்கட்டும். நீங்க என்ன வேலை பாக்கறீங்க? நாள் முழுக்க எதப் பாக்கறீங்க, எவ்ளோ தூரத்துல?"

இந்த வாரம் முழுவதும் ஒருவர்கூட அவளிடம் இதைக் கேட்கவில்லை. அவளும் தன்னைக் கேட்டுக்கொள்ளவில்லை.

"அறுபத்திரண்டு சென்டிமீட்டர்" என்றாள்.

"சுமாரா சொன்னாப் போதும்."

"சுமார் இல்லம்மா. அளந்துட்டுத்தான் வந்திருக்கேன்."