மெய்லின் வீட்டு ஜெனரல்

எனக்குப் பத்து வயதாக இருந்தபோது என் வகுப்பில் ஒருத்தியிடம் ஒரு ஜெனரல் இருந்தார். அவள் பெயர் மெய்லின். அவளுடைய தாத்தாவின் அப்பா சீனப் படையில் ஜெனரலாக இருந்து ஜப்பானியரோடு சண்டை பிடித்தவர். அவர் செத்து நெடுங்காலமாகியிருந்தது. ஆனாலும் பிரெஞ்சுத் தலைநகரில், லா சப்பலில் எங்கள் பள்ளிக்கூடத்தில் அந்த வருடம் அவரளவுக்கு மரியாதை பெற்றவர் வேறு யாருமில்லை.

உலகப்போரைக் கண்ட உறவினர் ஒருவரைப் பற்றி ஒவ்வொருவரும் பெற்றோர் முன்னிலையில் பேசவேண்டும் என்று ஆசிரியை சொல்லியிருந்தார். பாண்டிச்சேரிப் பையன் ஒருவனுக்குக்கூட, பிரெஞ்சுப் பட்டாளத்தில் பதக்கம் வாங்கிய பூட்டன் ஒருவர் அகப்பட்டுவிட்டார். எங்களுக்கு யார் என்று அப்பாவைக் கேட்டேன். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, அம்மப்பா சிறுவனாக இருந்தபோது போர்க்காலப் பங்கீட்டுக் கூப்பன் அரிசிக்கு வரிசையில் நின்றிருக்கிறார், அதைச் சொல்லலாம் என்றார். மெய்லினுக்கு ஜெனரல், எனக்கு அரிசி வரிசை.

சண்டையைக் கண்ட ஒருவர் எங்கள் வீட்டிலேயே இருந்தார். அம்மாவின் கடைசித் தம்பி. வன்னியில் சண்டையெல்லாம் முடிந்து இரண்டாம் வருடம் எங்களிடம் வந்து சேர்ந்தவர். ஆனால் அவரிடம் அதைப் பற்றி மூச்சும் விடக்கூடாது என்று அம்மா கண்டிப்பாகச் சொல்லிவைத்திருந்தாள். மாமா வருவார், உன்னைத் தோளில் தூக்கித் திரிவார், கதை சொல்லுவார் என்றெல்லாம் சொன்னவளும் அவள்தான். வந்த மாமா கதைக்கவேயில்லை. ஒரு ரெஸ்டோரண்டில் கோப்பை கழுவினார். மத்தியான வேலைக்கும் இரவு வேலைக்கும் இடையில் வீட்டுக்கு வந்து, தொலைக்காட்சியைச் சத்தமில்லாமல் ஓடவிட்டுப் பார்த்துக்கொண்டிருப்பார். என்னை ‘இவள்’ என்பார். இவள் சாப்பிட்டாளோ, இவளின்ரை சப்பாத்து நடுவிலை கிடக்கு.

மெய்லின் வீட்டில் அவளுடைய அப்பாவின் சாப்பாட்டுக்கடைச் சத்தம். அதனால் பேச்சுக்கான படங்களை அட்டையில் ஒட்டுவதற்கு எங்கள் வீட்டுக்கு வந்தாள். மேசையில் ஜெனரலின் படத்தை வைத்தாள். இறுக்கிய இடுப்புப்பட்டி, முழங்கால்வரை சப்பாத்து, சிரிக்காத முகம். மாமா இருக்கையை விட்டு எழுந்து வந்தார்.

“ஆர் உது?” என்றார்.

மெய்லினுக்குத் தமிழ் தெரியாது. மாமாவுக்குப் பிரெஞ்சு ஓடாது. நடுவில் நின்று நான்தான் மொழிபெயர்க்க வேண்டியிருந்தது. ஜெனரல் ஒரு கிராமத்து வாத்தியாரின் மகன் என்று சொன்னேன். வீட்டுக்குச் சொல்லாமல் ஓடிப்போய்ப் படைப்பள்ளியில் சேர்ந்தவர். முதற்சண்டையில் காதில் காயம், அதற்குப் பிறகு ஒரு பக்கம் கேளாது. படிப்படியாக உயர்ந்து ஒரு டிவிஷனுக்கே தலைவரானவர். ஜப்பானியர் வந்தபோது, மற்றப் படைகள் ஆற்றைக் கடந்து தப்பிப் போகும்வரை கரையிலிருந்த ஒரு பட்டணத்தைப் பிடித்துவைத்திருக்கும்படி அவருக்குக் கட்டளை வந்தது. பிடித்துவைத்திருந்தார். கடைசியில் பாலத்தைத் தகர்க்கச் சொன்னார். அப்போது அவருடைய ஆட்களிலேயே ஒரு பகுதியினர் இன்னும் ஜப்பானியர் பக்கத்துக் கரையில் நின்றார்கள்.

மாமா என் புதுப் பென்சில் பெட்டியைத் திறந்து எல்லாவற்றையும் மேசையில் கொட்டினார். அளவுகோல் ஆறானது. அழிறப்பர் பாலமானது. ஜெனரல் எங்கே நின்றார், ஆற்றில் தண்ணீர் எவ்வளவு, காயப்பட்டவர்களை முதலில் கடத்தினார்களா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். மெய்லின் தன் சிறிய விரலால் காட்டினாள். எனக்காக வாங்கி வைத்திருந்த மரவள்ளிப் பொரியலை அவள் பக்கம் தள்ளிவிட்டு, “சாப்பிடு பிள்ளை” என்றார். பிள்ளை! அந்தச் சொல் அவரிடம் இருப்பதே எனக்கு அன்றுதான் தெரியும்.

அதன் பிறகு நான் பள்ளியிலிருந்து வந்தால் மாமாவின் கண் என் முதுகுக்குப் பின்னால் போகும். “உன்ரை சினேகிதி வரேல்லையோ?” மெய்லின் வந்த நாட்களில் தொலைக்காட்சி நின்றிருக்கும். அவர்கள் இருவரும் மேசையில் தலையோடு தலை சாய்த்திருப்பார்கள். நான் பக்கத்தில் நின்று, ஓம் என்கிறாள், இல்லை என்கிறாள், தெரியாது என்கிறாள் என்று குழாய்த் தண்ணீர் மாதிரிச் சொல்லிக்கொண்டிருப்பேன். என் வாயால் கதைத்துக்கொண்டே அவர்கள் என்னை மறந்திருந்தார்கள். எனக்கு நெஞ்சு எரிந்தது. செத்துப்போன ஒரு சீனக்காரர்மேல் அவ்வளவு பொறாமை கொள்ளலாம் என்று எனக்கே தெரிந்திருக்கவில்லை.

ஒருநாள் மெய்லின் போன பிறகு அது வெடித்தது.

“நீங்களும் சண்டையிலை நிண்டனீங்கள்தானே?” என்று கேட்டேன். “உங்களிட்டைச் சொல்ல ஒண்டும் இல்லையோ? ஏன் அவளின்ரை கதையையே கேக்கிறியள்?”

குசினியில் அம்மாவின் கையிலிருந்த அகப்பை நின்றது. மாமா ஆற்றையும் பாலத்தையும் பெட்டிக்குள் போட்டு மூடி என்னிடம் தந்தார்.

“நான் ஓடி வந்தனான்,” என்றார். “ஓடி வந்தவனுக்கு என்ன கதை?”

பெற்றோரை அழைத்திருந்த வெள்ளிக்கிழமை பின்னேரம் மாமா முதலாளியிடம் கேட்டுக்கொண்டு நேரத்தோடு வேலையால் வந்தார். இஸ்திரிப் பெட்டியை எடுத்துச் சேர்ட்டை அவரே மினுக்கிப் போட்டார். உனக்காகத்தான் வாறான் என்று அம்மா என் காதில் சொன்னாள். பள்ளிவரை நடக்கும் தூரத்துக்கு நான் அதை நம்பினேன்.

மெய்லின் அழகாகப் பேசினாள். பாலத்துக்காக ஜெனரலுக்குப் பதக்கம் கிடைத்ததையும், பிறகு உள்நாட்டுச் சண்டையில் தோற்றுக் கப்பலேறித் தைவானுக்குப் போனதையும், அங்கே படையுமில்லாமல் பட்டாளமுமில்லாமல் முதுமைவரை கோழி வளர்த்ததையும் சொன்னாள். கைதட்டல் ஓய்ந்ததும் யாருக்காவது கேள்வி உண்டா என்றார் ஆசிரியை. கடைசி வரிசையில், பள்ளிப் பிள்ளை மாதிரி, மாமா கையை உயர்த்தினார். மொழிபெயர்க்கும்படி ஆசிரியை என்னைப் பார்த்தார்.

“பாலத்துக்கு அங்காலை விடுபட்ட பொடியளின்ரை தாய்மார் ஆரும் பிறகு அவரைக் கண்டவையோ எண்டு கேள்,” என்றார் மாமா.

எனக்கு வெட்கமாக இருந்தது. எவ்வளவு பெரிய ஜெனரல், கேட்பது யாருடைய அம்மாவையோ பற்றி. பிரெஞ்சில் கேட்டேன். மெய்லின் தாத்தாவைப் பார்த்தாள். அவளுடைய தாத்தா, ஜெனரலின் மகன், முன்வரிசையிலிருந்து மெல்ல எழுந்தார்.

ஒருத்தி வந்தாள் என்றார் அவர். அவளும் எப்படியோ அந்தத் தீவுக்கு வந்து சேர்ந்திருந்தாள். ஜெனரலான என் அப்பா அறையைவிட்டு வெளியே வரவில்லை. அம்மா தேநீர் கொடுத்தாள், அவள் குடிக்காமல் இருந்தாள். பொழுது சாயும் நேரத்தில் அப்பா வந்து அவள் முன்னால் நின்றார். ஏசப்போகிறாள் என்று நாங்கள் பயந்தோம். அவள் அப்பாவின் முகத்தை நெடுநேரம் பார்த்தாள். “என் மகன் கடைசியாகப் பார்த்த முகத்தைப் பார்த்துவிட்டுப் போக வந்தேன்” என்றாள். தேநீரைக் குடித்துவிட்டுப் போய்விட்டாள்.

நான் அதைத் தமிழில் சொன்னேன். மாமா தலையை ஆட்டினார். பிறகு கதிரையைச் சத்தமில்லாமல் பின்னுக்குத் தள்ளி எழுந்து வெளியே போய்விட்டார். அதற்கு அடுத்தது என் முறை. அரிசி வரிசையைப் பற்றி நான் அந்த வெறும் கதிரைக்குச் சொன்னேன். அம்மா மட்டும் பலமாகக் கைதட்டினாள்.

அவரோடு இனிக் கதைப்பதில்லை என்று முடிவெடுத்திருந்தேன். அதை அவர் கவனித்ததாகவே தெரியவில்லை. ஆனால் சில வாரங்களுக்குப் பிறகு, வேலையில்லாத ஒரு நாளில், என் முன்னால் வந்து நின்று, “வாறியோ பிள்ளை, ஓரிடம் போவம்,” என்றார். என் முடிவு அந்த ஒரு சொல்லில் கரைந்துபோனது.

ரயிலேறிப் புறநகரான ஓல்னேக்குப் போனோம். வழிநெடுக என் கையைப் பிடித்திருந்தார். அவருடைய உள்ளங்கை ஈரமாக இருந்தது. மாடிக் குடியிருப்பு ஒன்றின் கதவுக்கு முன்னால் நின்றோம். மணியை நீயே அடி என்றார். அடித்தேன். ஒரு தமிழ் அம்மா திறந்தார். முதலில் என்னைப் பார்த்துச் சிரித்தார். பிறகு மாமாவைப் பார்த்தார். சிரிப்பு நின்றது.

மாமா தன் பெயரைச் சொன்னார். வேறு யாரோ ஒருவரின் பெயரையும் சொன்னார். பிறகு, “கடைசியா நான்தான் அவனோடை நிண்டனான் அம்மா,” என்றார்.

என்னை அந்த வீட்டு அறையொன்றில் இருத்தி, பிஸ்கட்டும் தோடம்பழச் சாறும் தந்து கதவைச் சாத்தினார்கள். நான் பிஸ்கட் முழுவதையும் சாப்பிட்டு முடித்தேன். கதவு திறந்தபோது மாமா கீழே தரையில் இருந்தார். அந்த அம்மா இரண்டு கைகளாலும் அவருடைய முகத்தைப் பிடித்துக்கொண்டிருந்தார். யாரென்றே தெரியாத ஒருவர் என் மாமாவை அப்படிப் பிடித்திருப்பது எனக்குப் பிடிக்கவில்லை. வீட்டுக்குப் போவோம் என்று அவருடைய சேர்ட்டைப் பிடித்து இழுத்தேன்.

திரும்பும் ரயிலில் மாமா என் தோளில் சாய்ந்து நித்திரையாகிவிட்டார். நான் அசையாமல் இருந்தேன். எதிரே இருந்தவர்கள் எல்லோரும் பார்க்கட்டும் என்று இருந்தேன். தனியே போனால் கதவுவரை போய்த் திரும்பிவிடுவோம் என்ற பயத்தில்தான் ஒருவர் குழந்தையைக் கூட்டிப்போவார் என்று யார் சொல்லியிருந்தாலும் அன்றைக்கு எனக்கு விளங்கியிருக்காது.

திங்கட்கிழமை இடைவேளையில் மெய்லினிடம் ஓடினேன். மாமா தூரத்தில் ஓரிடத்துக்கு என்னைக் கூட்டிப் போனார், உன்னை அல்ல, என்னை என்றேன். எங்கே, எதற்கு என்று அவள் ஆவலோடு கேட்டாள். அது ரகசியம் என்று தலையை நிமிர்த்திச் சொன்னேன். எனக்கும் தெரியாதே.