மூச்சை அடக்குங்க

நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம். ஆனால் இது நடந்தது. அதுவும் பட்டப்பகலில், ஆள் நடமாட்டமுள்ள ஆஸ்பத்திரியில், விளக்கெல்லாம் பளிச்சென்று எரிந்துகொண்டிருக்கும்போது. அனுபவித்தவள் குழந்தைகளுக்கு நீச்சல் கற்றுத்தருகிறவள். எல்லாருக்கும் அவள் நீச்சல் டீச்சர்தான். சின்னச் சத்தத்துக்கெல்லாம் மிரள்கிற ஆள் இல்லை.

அவளுக்குக் கல்லீரலில் புற்றுநோய் வந்தது. வேறு கல்லீரல் வைத்தால்தான் பிழைப்பாள் என்றார்கள். கூடப்பிறந்த அக்கா மறுபேச்சுப் பேசாமல் தன்னுடையதில் பெரும்பகுதியைக் கொடுத்தாள். இரண்டு பேரும் தேறி எழுந்தார்கள். அதற்குப் பிறகு, நோய் திரும்பி வருகிறதா என்று பார்க்க அவ்வப்போது சி.டி. ஸ்கேன் எடுத்தார்கள். படுத்து எழுவதற்குள் முடிந்துவிடும். ஒரு தொல்லையும் இல்லை.

இரண்டாவது வருஷம் ரத்தப் பரிசோதனையில் ஓர் அளவு லேசாக ஏறியிருந்தது. டாக்டர் முகத்தைச் சுளித்தார். எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்துவிடலாம் என்றார். அங்கே பிடித்தது சனி.

அந்த ஸ்கேனில் குழாய்க்குள் படுத்துக்கொண்டு, சொல்லும்போதெல்லாம் மூச்சை அடக்க வேண்டும். கொஞ்சம் மூச்சு விட்டாலும் படம் கலங்கிவிடும். அவளுக்கு அது ஒரு வேலையே இல்லை. தண்ணீருக்கடியில் நீச்சல் குளத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை போய் வருகிறவள். சொன்னபோது இழுத்தாள், சொன்னபோது அடக்கினாள். ஆனாலும் படம் கலங்கியிருக்கிறது, எதுவும் சொல்ல முடியவில்லை என்று அறிக்கை வந்தது.

"மூச்சை அடக்கச் சொன்னா அடக்கணும்மா," என்றார் ஸ்கேன் எடுப்பவர்.

"அடக்கினேன் சார்."

"அடக்கியிருந்தா இப்படி வருமா?"

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நோய் திரும்பிவிட்டதா இல்லையா என்று தெரியாமல் ராத்தூக்கம் போயிருந்தது. கணவர் அவளுக்குத் தெரியாது என்று நினைத்து மொட்டை மாடியில் போய் அழுதுவிட்டு வருகிறார். இந்த லட்சணத்தில் மூச்சு அடக்கத் தெரியாதவள் என்று பட்டம் வேறு.

மறுபடி எடுத்தார்கள். மறுபடி கலங்கல். இந்த முறை ஒரு மூத்த டாக்டரே வந்து, திரையை வெகுநேரம் பார்த்தார். முதுகெலும்பு தெளிவாக இருந்தது. சிறுநீரகம், மண்ணீரல், எல்லாம் கோடு போட்டது மாதிரி இருந்தன. கல்லீரல் மட்டும் மேலும் கீழும் ஆடியிருந்தது.

"நீங்க மூச்சை அடக்கித்தான் இருக்கீங்க," என்றார். "கல்லீரல் மட்டும் எப்படி ஆடுது?"

மெஷினில்தான் கோளாறு இருக்க வேண்டும் என்று அவரே சொல்லிக்கொண்டார். ஆனால் அவளுக்கு முன்னும் பின்னும் எடுத்தவர்கள் படமெல்லாம் சுத்தமாக வந்திருந்தது.

வெளியே வந்ததும் அக்காவுக்குப் போன் செய்து கொட்டித் தீர்த்தாள். அக்கா வெளியூரில் இருந்தாள். போனை எடுத்தபோதே மூச்சு வாங்கியது. லிஃப்ட் வேலை செய்யவில்லையாம், படியேறி வந்தாளாம். விஷயத்தைக் கேட்டுவிட்டுச் சிரித்தாள்.

"நான் கொடுத்ததாச்சே, சொன்ன பேச்சு கேக்குமாடி?"

இவளும் சிரித்துவிட்டாள். அன்று சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

மூன்றாவது ஸ்கேன் பத்து நாள் கழித்து. நண்பகல் நேரம். நகை, கைக்கடிகாரம், போன் எல்லாவற்றையும் கணவரிடம் கொடுத்துவிட்டு உள்ளே போனாள். இந்த முறையும் சரிவராவிட்டால் ஊசியால் குத்திச் சதை எடுத்துத்தான் பார்க்க வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள்.

குழாய்க்குள் போனாள். மெஷின் தட்ட ஆரம்பித்தது. டக்... டக்... டக்...

"மூச்சை இழுங்க. அடக்குங்க."

அடக்கினாள். வலது விலாவுக்குக் கீழே, தழும்புக்கு உள்பக்கம், ஏதோ அசைந்தது.

மேலே போனது. கீழே வந்தது. மேலே... கீழே...

இதயத்துடிப்பு இல்லை. அது வேறு. இது நிதானமாக இருந்தது.

மூச்சு விடுவது மாதிரி.

"விடுங்க... அம்மா, இப்பவும் ஆடுது. இன்னொரு தடவை எடுக்கலாம்."

இழுத்தாள். அடக்கினாள். உள்ளே அது இப்போது வேகமாக அசைந்தது. இரைக்கிற மாதிரி. அலாரம் பொத்தான் கையில் இருந்தது. விரல் மடங்கவில்லை.

திடீரென்று ஒரே இழுப்பு. விலா வரை வந்து முட்டியது.

அப்படியே நின்றது.

காத்திருந்தாள்.

கீழே இறங்கவில்லை...

"அருமைம்மா," என்றது ஒலிபெருக்கி. "இப்படித்தான். அசையாம இருங்க."

அதற்குப் பிறகு எடுத்த படங்கள் அத்தனையும் கண்ணாடி மாதிரி வந்தன. மூத்த டாக்டர் அங்கேயே பார்த்துவிட்டு, கட்டியும் இல்லை, புள்ளியும் இல்லை, நோய் திரும்பவில்லை என்று சொல்லி அவள் தோளைத் தட்டினார். அவள் உடை மாற்றக்கூட நிற்காமல் வெளியே ஓடினாள். முதலில் அக்காவிடம்தான் சொல்ல வேண்டும்.

கணவர் நாற்காலியில் இல்லை. சுவரோரம் நின்றிருந்தார். அவள் போன் அவர் கையில் இருந்தது. அக்காவின் கணவர் இன்னும் லைனில் இருந்தார். அவள் போனை வாங்கிக் காதில் வைத்தாள்.

அத்தான் அழுதபடி சொன்னதை அவள் இன்றைக்கும் அதே வார்த்தைகளில்தான் சொல்கிறாள். அக்கா நன்றாகப் பேசிக்கொண்டிருந்தாளாம். தங்கைக்கு இந்நேரம் ஸ்கேன் நடக்கும் என்றுதான் பேச்சாம். திடீரென்று இரைத்ததாம். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாளாம்.

"ஒரு பெரிய மூச்சு இழுத்தாம்மா. விடுவான்னு பார்த்துக்கிட்டே இருந்தேன்... விடவே இல்ல."