நான் நிறுத்திய சத்து மாத்திரை

டாக்டரம்மா எழுதிக் கொடுத்த சத்து மாத்திரையை என் மனைவி நிறுத்தியதற்கு நான்தான் காரணம். "காசிமேட்டு மீன் துன்றவளுக்கு மாத்திரை இன்னாத்துக்கு?" என்று தினமும் கேலி செய்தேன். எங்கள் இருவருக்கும் அறுபது தாண்டிவிட்டது.

சில மாதங்களில் அவள் பாதம் மரத்துப்போனது. ராயபுரம் மார்க்கெட்டில் தடுமாறி விழப் பார்த்தாள். பயந்துபோய் டாக்டரம்மாவிடம் அழைத்துப் போனேன்.

இருவரின் ரத்தத்தையும் பரிசோதித்தார். "பல வருஷமா சர்க்கரை மாத்திரை சாப்பிடுறதால இவங்களுக்கு பி12 குறைஞ்சிருக்கு. அந்த சத்து மாத்திரை அவசியம்."

"நான்தாம்மா நிறுத்த வெச்சேன்," என்று தலைகுனிந்தேன். பிறகு, "அப்போ எனுக்கும் ஒண்ணு எழுதுங்கம்மா," என்றேன்.

"உங்களுக்கு எதுவும் குறையல. தேவையில்ல."

"இன்னாய்யா, மூஞ்சி தொங்கிப்போச்சு?" என்று மனைவி கேட்டதும் மூவரும் சிரித்துவிட்டோம்.

அவள் கால் மெல்லத் தேறியது. இப்போதெல்லாம் அவள் உடம்பைப் பற்றி நான் தீர்ப்பு சொல்வதில்லை, அவளையே கேட்கிறேன்.