தமிழில் மட்டும் நின்றுபோன கணினிகள்

ஹல்துமுல்லைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையில் நான் கணினி ஆசிரியை. எங்களிடம் இருப்பவை பன்னிரண்டு பழைய கணினிகள். அவற்றில் இலவச இயங்குதளம் ஒன்றைப் போட்டு, பிழைச்செய்தி வரைக்கும் எல்லாவற்றையும் தமிழில் அமைத்திருந்தேன்.

தவணை விடுமுறையில் அந்த இயங்குதளத்தைப் புதிய பதிப்புக்கு மாற்றினேன். அதற்குப் பிறகு எதையும் நிறுவ முடியவில்லை. மென்பொருள்களை இறக்கி நிறுவித் தரும் பேக்கேஜ் மேனேஜர் பாதியிலேயே பிழை காட்டி நின்றது. பன்னிரண்டிலும் அதே கதை. இறக்கிய கோப்புகளை அழித்துப் பார்த்தேன், இணைய இணைப்பை மாற்றிப் பார்த்தேன். மூன்றாம் நாள், வேறு வழி தோன்றாமல், ஒரு கணினியின் மொழியை ஆங்கிலமாக்கினேன். தடங்கலே இல்லாமல் ஓடியது.

பாடசாலை அதிபருக்குப் பெரிய நிம்மதி. "அப்ப எல்லாத்தையும் இங்கிலீஷ்லயே போட்டுருங்க டீச்சர்."

"இல்லைங்க சார். தமிழ்ல ஏன் நிக்குதுன்னு தெரியாம மாத்த மாட்டேன். ஒரு வாரம் குடுங்க."

வாய் சொல்லிவிட்டது. நான் பதுளையில் டிப்ளோமா படித்தவள், அவ்வளவுதான்.

நீளமான பிழைச்செய்தியை ஒரே வரியில் வாசிக்கலாம் என்று திரையிலிருந்த சாளரத்தை அகலமாக இழுத்துவிட்டு மறுபடி ஓடவிட்டேன். நிறுவி முடித்தது! குறுக்கினேன், நின்றது. பிறகு பேக்கேஜ் மேனேஜரின் நிரலைத் திறந்து வரி வரியாகப் படித்தேன். நிறுவும்போது ஓடும் செய்தி சாளரத்துக்குள் அடங்காவிட்டால், புதிய பதிப்பு அதை வெட்டிவிடுகிறது. கணினிக்குள் ஆங்கில எழுத்துக்கு ஓரிடம் போதும். தமிழுக்கு மூன்று வேண்டும். நிரலை எழுதியவர்கள் எழுத்தின் நடுவிலேயே வெட்டியிருந்தார்கள். அரை எழுத்தை வாசிக்கத் தெரியாமல் நிரல் பாதியில் நின்றுவிட்டது.

அதை எழுதிப் பராமரிக்கும் தன்னார்வலர்களுக்கு மடல் போட்டேன். "எங்களிடம் சரியாக ஓடுகிறதே" என்று ஒருவர் பதில் எழுதினார். மொழியைத் தமிழாக்கு, சாளரத்தைக் குறுக்கு, ஓடவிடு என்று விவரமாக எழுதி அனுப்பினேன். மறுநாள் காலை பதில் வந்திருந்தது: "இப்போது எங்களிடமும் நிற்கிறது!" வெற்று வகுப்பறையில் நான் கைதட்டிவிட்டேன். திருத்தத்தையும் நானே எழுதினேன். அவர் அதில் ஒரு வரியை மட்டும் மாற்றி ஏற்றுக்கொண்டார்.

அடுத்த பதிப்பு வந்ததும் பன்னிரண்டு கணினிகளும் தமிழிலேயே ஓடின. மாற்றங்களின் பட்டியலில், பிழையைக் கண்டு திருத்தியவர் என்று என் பெயரும், திருத்தத்தோடு நான் கொடுத்திருந்த எங்கள் தோட்டத்தின் பெயரும் இருந்தன. அதிபர் அதை அச்செடுத்து அறிவிப்புப் பலகையில் குத்தினார். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது, மறைக்கவும் இல்லை.

மலையிலிருந்து கொழுந்து பறித்துவிட்டு வந்த அம்மாவிடம் கைப்பேசியில் காட்டினேன். அது ஆங்கிலத்தில் இருந்ததால் விரல் வைத்து வாசித்துச் சொன்னேன்.

"நம்ம தோட்டத்துப் பேரையுமா போட்டிருக்காங்க?"

"ஆமாம்மா."

"எங்க, இன்னொரு தடவ வாசி."